ரத்தம் உறையாத பிள்ளைகள்: ஊசி மருந்து இருக்கிறது, நேரத்துக்குக் கிடைக்கிறதா?

ஒரு பையன் தெருவில் விளையாடுகிறான். ஓடும்போது கால் தடுக்கி விழுகிறான். முழங்காலில் அடி. வெளியே காயம் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் கூட இல்லை. எழுந்து மறுபடியும் ஓடுகிறான்.

சாயங்காலம் முழங்கால் சூடாகிறது. ராத்திரி வீங்குகிறது. விடிவதற்குள் முழங்கால் பந்து போல் ஆகிவிடுகிறது. பையனால் காலை நீட்டவும் முடியவில்லை; மடக்கவும் முடியவில்லை. வலி தாங்காமல் அழுகிறான்.

"சுளுக்காக இருக்கும். எண்ணெய் போட்டு உருவி விட்டால் சரியாகிவிடும்" என்கிறாள் பாட்டி.

அது சுளுக்கு அல்ல. மூட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்து கொண்டிருக்கிறது. உருவ உருவ, இன்னும் அதிகமாகக் கசியும்.

இந்த வியாதியின் பெயர் ஹீமோபிலியா. ரத்தம் உறையாத வியாதி. இது எங்கோ ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல. இந்த வியாதி உள்ள பிள்ளை எங்கே பிறந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

இதற்கு மருந்து உண்டு. ஊசி மூலம் போடும் மருந்து. நேரத்தில் போட்டால் பையன் ஓரிரு நாளில் எழுந்து நடப்பான். போடாமல் விட்டால் கால் முடமாகலாம். தலையில் அடிபட்டிருந்தால் உயிரே போகலாம்.

மருந்து இருந்தும் ஏன் பிள்ளைகள் நொண்டியாகிறார்கள்? அதைப் பார்ப்போம்.

ஆரம்பாக்கத்தில் ஒரு ராத்திரி

தமிழ்நாட்டின் வடக்கு எல்லையில் இருப்பது ஆரம்பாக்கம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி தாலுகாவைச் சேர்ந்த ஊர். அதைத் தாண்டினால் ஆந்திராவில் உள்ள தடா வந்துவிடும். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் போகிறது. இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன.

தெற்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை. எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி தொழில் நகரம். இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள். உள்ளூர்க்காரர்களுடன் ஒடிசா, பீகார் ஆட்களும் வந்து வேலை செய்கிறார்கள். குடும்பத்தோடு வாடகைக்குக் குடியிருப்பவர்களும் உண்டு.

இங்கே ஒரு வீட்டில் அந்தப் பையன் இருக்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்டு. அம்மா மட்டும் வீட்டில். பையனின் முழங்கால் வீங்க ஆரம்பிக்கிறது. மணி பதினொன்று.

மருந்து எங்கே இருக்கிறது? சென்னையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் என்றால், சுமார் 60 கிலோமீட்டர் போக வேண்டும். சென்னையிலிருந்து வரும் மின்சார ரெயில்கள் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டியோடு நின்று விடும். அதற்கு வடக்கே ரெயில் குறைவு. நடு ராத்திரியில் அதுவும் இல்லை.

"காலையில் முதல் ரெயிலைப் பிடித்துப் போகலாம்" என்று அம்மா நினைக்கிறாள். அது இயற்கைதான்.

ஆனால் மூட்டில் ரத்தம் கசியத் தொடங்கினால், கூடுமான வரையில் 2 மணி நேரத்துக்குள் மருந்து போட வேண்டும் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. காலை வரை காத்திருந்தால் அந்தக் கணக்கு தவறிவிடும். மூட்டு முழுவதும் ரத்தம் நிரம்பிவிடும். பிறகு அதிக மருந்து தேவைப்படும். குணமாக அதிக நாளும் ஆகும்.

ஒரே மூட்டில் திரும்பத் திரும்ப ரத்தம் கசிந்தால் உள்ளே இருக்கும் குருத்தெலும்பு அரித்துப் போகும். மூட்டு இறுகிவிடும். பையன் பெரியவனானதும் தொழிற்சாலையில் நின்று வேலை பார்க்க முடியாது. ஒரு குடும்பத்தின் வருங்காலமே அந்த 2 மணி நேரத்தில் இருக்கிறது.

இது என்ன வியாதி?

நமக்குக் காயம் பட்டால் சிறிது நேரத்தில் ரத்தம் தானாகவே உறைந்து நிற்கிறது. ரத்தத்தில் உள்ள பல சத்துக்கள் ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு இந்த வேலையைச் செய்கின்றன. அந்தச் சத்துக்களுக்கு டாக்டர்கள் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் "பேக்டர்" என்பார்கள்.

8-ம் எண் பேக்டர் குறைந்தால் அது ஹீமோபிலியா "ஏ". 9-ம் எண் பேக்டர் குறைந்தால் ஹீமோபிலியா "பி". "ஏ" வகைதான் அதிகம். பிறக்கும் ஆண் குழந்தைகளில் சுமார் 5,000-க்கு ஒன்று இந்த வியாதியோடு பிறக்கிறது.

இந்தக் குழந்தைகளுக்கு ரத்தம் வேகமாகக் கொட்டுவது இல்லை. நிற்காமல் நெடுநேரம் கசிகிறது. அதுதான் ஆபத்து. அதிலும் வெளியே தெரிகிற கசிவை விட, மூட்டிலும் சதையிலும் தலைக்குள்ளும் தெரியாமல் கசிவதுதான் பெரிய ஆபத்து.

இது தொற்று வியாதி அல்ல. கூட விளையாடினால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

தாயைக் குறை சொல்லாதீர்கள்

இது பெரும்பாலும் தாய் வழியாக வருகிறது. தாய்க்கு வியாதி தெரியாது. ஆனால் அவள் உடலில் அந்தக் குறை மறைந்திருக்கும். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் வியாதி வர சரிபாதி வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் தாயைப் போலவே குறையைச் சுமக்க சரிபாதி வாய்ப்பு உண்டு.

வியாதி உள்ள ஆணுக்குப் பிறக்கும் மகன்களுக்கு அவனிடமிருந்து இது வராது. ஆனால் மகள்கள் எல்லோரும் குறையைச் சுமப்பார்கள்.

ஆகவே டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி: "பையனின் தாய்மாமனுக்கு இப்படி இருந்ததா?"

நம் ஊர்ப் பக்கம் அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டிக் கொள்ளும் வழக்கம் உண்டு. மாமனுக்கு இந்த வியாதி இருந்து, அக்காள் மகளும் குறையைச் சுமப்பவளாக இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைக்கும் வியாதி வரலாம். அப்படிப்பட்ட குடும்பத்தில் கல்யாணம் பேசுவதற்கு முன் டாக்டரைக் கலந்து கொள்வது நல்லது.

மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்குக் குடும்பத்தில் யாருக்குமே இது இருந்ததில்லை. புதிதாகவே தோன்றுகிறது. ஆகவே "உன் வீட்டு ரத்தம்" என்று மருமகளைத் திட்டுவதில் நியாயம் இல்லை. அவள் இதை விரும்பி வாங்கி வரவில்லை.

அரண்மனையிலும் புகுந்தது

இது ஏழைகளின் வியாதி அல்ல. இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி இந்தக் குறையைச் சுமந்தவர். அவருடைய மகன் லியோபோல்டு இளவரசர் 1884-ல் கீழே விழுந்து, ரத்தக் கசிவால் இறந்தார். மகாராணியின் பெண்கள் வழியாக அது ரஷிய அரண்மனைக்கும் போனது. ஜார் சக்கரவர்த்தியின் ஒரே மகன் அலெக்சிக்கு இந்த வியாதி. அவருடைய எலும்புகளை 2009-ல் விஞ்ஞானிகள் சோதித்து, அது "பி" வகை என்று கண்டுபிடித்தார்கள்.

சக்கரவர்த்தியிடம் பணம் இருந்தது. படை இருந்தது. மருந்து மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் உலகத்தில் எங்குமே இல்லை.

மருந்து வந்த கதை

முதலில் ரத்தத்தையே ஏற்றினார்கள். பிறகு ரத்தத்தில் உள்ள தெளிந்த நீரை மட்டும் ஏற்றினார்கள். அதில் சத்து குறைவு. பாட்டில் பாட்டிலாக ஏற்ற வேண்டியிருந்தது.

1952-ல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிறிஸ்துமஸ் என்ற சிறுவனின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர்கள், 9-ம் சத்துக் குறைவு தனி வியாதி என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு அந்தச் சிறுவனின் பெயரையே வைத்தார்கள்.

1964-ல் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற அம்மையார் ஒரு புது வழியைக் கண்டார். உறைய வைத்த ரத்த நீரை மெதுவாக உருக்கினால் அடியில் ஒரு வண்டல் தங்குகிறது. அதில் 8-ம் சத்து நிறைய இருக்கிறது. ரத்த வங்கிகளே அதைத் தயாரிக்க முடிந்தது.

அடுத்து, சத்தைத் தூளாக்கிச் சிறு குப்பியில் அடைத்தார்கள். நீர் கலந்து ஊசியில் போட்டால் போதும். 1970-களில் மேல்நாடுகளில் வீட்டிலேயே ஊசி போட்டுக் கொள்ளும் வழக்கம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பெரியவர்கள் வேலைக்குப் போனார்கள்.

அப்போது ஒரு பேரிடி விழுந்தது. அந்தத் தூள், ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த ரத்தத்தை ஒன்றாகக் கலந்து எடுக்கப்பட்டது. 1980-களில் அந்த ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமியும் கல்லீரலைக் கெடுக்கும் கிருமியும் கலந்துவிட்டன. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகள் பலியானார்கள். கிறிஸ்துமஸ் என்ற அந்தச் சிறுவன் பெரியவனாகி, இதே காரணத்தால் 1993-ல் இறந்தார்.

அந்தப் பாடத்தை உலகம் மறக்கவில்லை. இப்போது ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்தைச் சூடாக்கியும் ரசாயனம் சேர்த்தும் கிருமிகளை அழிக்கிறார்கள். 1992 முதல், மனித ரத்தம் இல்லாமலே ஆராய்ச்சிக்கூடத்தில் உயிரணுக்களில் தயாரிக்கும் 8-ம் மருந்தும் வந்துவிட்டது. பழைய பயத்தை வைத்துக் கொண்டு இன்று மருந்தை மறுக்கத் தேவை இல்லை.

நம் நாட்டில் என்ன நிலை?

இந்த வியாதியால் பாதிக்கப்பட்ட அசோக் வர்மா என்பவர் 1983-ல் டில்லியில் இந்திய ஹீமோபிலியா சம்மேளனத்தைத் தொடங்கினார். அப்போது இந்த மருந்து நம் நாட்டில் அரிது. வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். பணக்காரர்களுக்கே எட்டாத விலை.

இன்றும் வெளியில் வாங்கினால் ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆனால் தமிழ்நாட்டில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இது இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. திருவள்ளூரிலும் 2022-ல் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தொண்டையும் சொல்ல வேண்டும். மேல்நாட்டு அளவில் மருந்து வாங்க நம் மக்களால் முடியாது. குறைந்த அளவு மருந்தைக் கணக்காகக் கொடுத்தே அறுவை சிகிச்சையைப் பத்திரமாகச் செய்யலாம் என்று அங்குள்ள டாக்டர்கள் 1990-களிலேயே காட்டினார்கள்.

அதே வேலூரில் ஒரு புதிய சோதனையும் நடந்தது. நோயாளியின் உடலிலிருந்தே மூல உயிரணுக்களை எடுத்து, அதில் 8-ம் சத்தைச் செய்யும் மரபணுவைச் சேர்த்து, மறுபடி அவருக்கே செலுத்தினார்கள். 5 பேருக்குச் செய்தார்கள். கண்காணித்த காலத்தில் 5 பேருக்கும் ரத்தக் கசிவு வரவில்லை. 2024 டிசம்பரில் இந்தச் செய்தி அமெரிக்காவின் பெரிய மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அது இன்னும் சோதனைதான். ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கப் பல காலம் ஆகலாம். அதுவரை பிள்ளையைக் காப்பது அந்தச் சிறு குப்பிதான்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் சேர்க்கப்பட்டது. சான்றிதழ் வாங்கலாம். ஆனால் அந்தச் சட்டம் அரசாங்க வேலையில் கொடுக்கும் 100-க்கு 4 இடங்களுக்கான பட்டியலில் இந்த வியாதியின் பெயர் இல்லை. கால் முடமானால்தான் அந்த வகையில் இடம் கேட்க முடியும். பிள்ளை முடமாகாமல் காப்பாற்றிய குடும்பத்துக்கு அந்தச் சலுகை இல்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆக, மருந்து வந்துவிட்டது. பணமும் பெரிய தடை அல்ல. எல்லை ஊர்களில் இன்று தடையாக இருப்பது தூரம். அடுத்த தடை, மருந்தைச் சரியாகப் போடத் தெரியாதது.

வீட்டில் ஊசி போடலாமா?

போடலாம். ஆனால் கற்றுக் கொண்ட பிறகுதான். டாக்டரும் நர்சும் பல தடவை பக்கத்தில் இருந்து கற்றுக் கொடுக்க வேண்டும். அவர்கள் எதிரில் தாயோ தகப்பனோ சரியாகப் போட்டுக் காட்ட வேண்டும். டாக்டர் சம்மதித்த பிறகே வீட்டில் போடலாம். பையன் வளர்ந்ததும் தானே போட்டுக் கொள்ளவும் கற்பான்.

முதல் சில தடவைகள் கட்டாயம் ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும். சிலருக்கு மருந்து ஒத்துக் கொள்ளாது. உடம்பில் தடிப்பு, மூச்சுத் திணறல் வரலாம். "பி" வகைப் பிள்ளைகளில் சிலருக்கு இது கடுமையாகவே வரும்.

அளவு தெரிய வேண்டும்

இந்த மருந்தை "யூனிட்" கணக்கில் அளப்பார்கள். குப்பியின் மேல் 250, 500, 1,000 என்று போட்டிருக்கும்.

அளவு பையனின் எடையைப் பொறுத்தது. 8-ம் மருந்தில், உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் ரத்தத்தில் அந்தச் சத்து 100-க்கு 2 பங்கு ஏறும். 9-ம் மருந்தில் 1 பங்குதான் ஏறும்.

உதாரணம் பாருங்கள். பையன் எடை 20 கிலோ. முழங்காலில் கசிவு. சத்தை 100-க்கு 40 பங்காக உயர்த்த டாக்டர் நினைக்கிறார். 8-ம் மருந்தானால் 400 யூனிட் வேண்டும். 9-ம் மருந்தானால் அதைப் போல இரண்டு மடங்கு, 800 யூனிட் வேண்டும்.

தலையில் அடிபட்டால் 100-க்கு 80 முதல் 100 பங்கு வரை உயர்த்த வேண்டும். அதே பையனுக்கு 8-ம் மருந்து 800 முதல் 1,000 யூனிட் வரை தேவைப்படும்.

இது உங்களுக்குக் கணக்குப் புரிவதற்காகச் சொன்னது. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை வளர வளர எடை கூடும். போன வருஷத்து அளவு இந்த வருஷத்துக்குப் போதாது. ஒவ்வொரு தடவை போகும்போதும் எடை பார்த்துப் புது அளவு கேளுங்கள்.

8-ம் மருந்து போட்ட 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். 9-ம் மருந்து 18 முதல் 24 மணி நேரத்தில் பாதியாகும். ஆகவே ஒரு ஊசியோடு நிற்குமா, மறுபடி போட வேண்டுமா என்பதையும் முன்னாலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

குப்பியைக் காப்பது எப்படி?

மருந்தைப் பிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் கட்டும் அறையில் வைக்கவே கூடாது. உறைந்தால் மருந்து கெட்டுவிடும். பிரிட்ஜ் கதவிலும் வைக்காதீர்கள். திறந்து மூடும்போது சூடு ஏறும்.

சில மருந்துகளைச் சில மாதம் வெளியில் வைக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருக்கும். எத்தனை டிகிரி வரை என்றும் எழுதியிருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரை வீட்டுக்குள் அதைவிட அதிகச் சூடு இருக்கும். அதை மறக்க வேண்டாம்.

வெளியூர் போகும்போது ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள். குப்பி நேராக ஐஸ் மேல் படாமல் துணி சுற்றி வையுங்கள்.

ஊசி போடும் முறை

முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சுத்தமான மேஜையில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

குப்பியின் மேல் மூன்றைப் பாருங்கள். எண் 8-ஆ, 9-ஆ? எத்தனை யூனிட்? கெடு தேதி தாண்டிவிட்டதா? எண் மாறினால் மருந்து பலிக்காது.

குப்பியின் குளிர்ச்சி தானாகப் போகட்டும். அடுப்பிலோ வெந்நீரிலோ வைக்காதீர்கள்.

பெட்டியோடு வந்த நீரை மட்டுமே கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ, வேறு மருந்தோ கூடாது. கலந்ததும் குப்பியை மெதுவாகச் சுழற்றுங்கள். குலுக்கினால் நுரைத்து மருந்து வீணாகும்.

கரைந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூசியோ, கட்டியோ, நிற மாற்றமோ இருந்தால் போடாதீர்கள். பெட்டியோடு வடிகட்டி வந்திருந்தால் அதன் வழியாகவே ஊசியில் எடுங்கள்.

மருந்தை ரத்தக் குழாயில் போட வேண்டும். மக்கள் "நரம்பு" என்று சொல்வார்களே, அதில். சதையில் போடவே கூடாது. சதையில் போட்டால் அங்கேயே ரத்தம் கட்டிவிடும். சில நிமிஷம் எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள். எடுத்த பிறகு பஞ்சு வைத்து 5 நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள்.

கலந்த மருந்தை மறுபடி பிரிட்ஜில் வைத்து நாளைக்குப் போடலாம் என்று நினைக்காதீர்கள். கலந்த சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

ஒரு தடவை குத்திய ஊசியை மறுபடி உபயோகிக்கக் கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுங்கள். குப்பைத்தொட்டியில் போட்டால், குப்பை அள்ளுபவர் கையில் குத்தும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ளுங்கள். தேதி, நேரம், எந்த இடத்தில் கசிவு, எத்தனை யூனிட், குப்பியில் உள்ள "பேட்ச்" நம்பர். இவ்வளவையும் எழுதுங்கள். அடுத்த தடவை டாக்டருக்கு அதுதான் வழிகாட்டி.

ஊசி போட்டும் நிற்கவில்லையா?

சில பிள்ளைகளுக்கு, உடம்பு இந்த மருந்தை அன்னியப் பொருள் என்று நினைத்து எதிர்க்கும். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகி மருந்தை வேலை செய்ய விடாது. கடுமையான "ஏ" வகைப் பிள்ளைகளில் 100-க்கு 30 பேர் வரை இப்படி ஆகலாம்.

வழக்கமான அளவு போட்டும் வீக்கம் குறையவில்லை என்றால், வீட்டிலேயே மேலும் மேலும் போட்டுக் கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து இருக்கிறது.

தோலுக்கு அடியில் போடும் "எமிசிசுமாப்" என்ற புது மருந்தும் இப்போது வந்திருக்கிறது. அது "ஏ" வகைக்கு. வாரத்துக்கு ஒரு தடவையோ, இன்னும் இடைவெளி விட்டோ போடுவார்கள். கசிவு வராமல் தடுப்பதற்குத்தான் அது. கசிய ஆரம்பித்த பிறகு அதைப் போட்டால் நிற்காது. அதைப் போட்டுக் கொள்பவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளை அதோடு சேர்த்தால் ரத்தம் தேவைக்கு மேல் உறைந்து ஆபத்தாகும்.

செய்யக் கூடாதவை

வீங்கிய மூட்டை உருவக் கூடாது. சுளுக்கு எடுக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிஷம் வைக்கலாம். கையையோ காலையோ தலையணை மேல் உயர்த்தி அசையாமல் வைக்கலாம். ஆனால் இவை ஊசிக்குப் பதில் ஆகாது.

வலிக்கு ஆஸ்பிரின், புரூபன் மாத்திரைகள் கொடுக்காதீர்கள். அவை கசிவை அதிகமாக்கும். பாரசிட்டமால் கொடுக்கலாம். மருந்துக் கடையில் கேட்கும்போதே பையனின் வியாதியைச் சொல்லுங்கள்.

காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போடச் சம்மதிக்காதீர்கள். தடுப்பூசியை நிறுத்த வேண்டாம். நர்சிடம் வியாதியைச் சொல்லி, மெல்லிய ஊசியில் போடச் சொல்லி, போட்ட இடத்தை நன்றாக அழுத்திப் பிடியுங்கள்.

பல் பிடுங்குவதானால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, மருந்து போட்டுக் கொண்டு போங்கள்.

தலையில் அடிபட்டால்

இதை மட்டும் வீட்டில் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். தலை, கழுத்து, வயிறு. இந்த மூன்றில் அடிபட்டால் காத்திருக்கக் கூடாது. பையன் சிரித்துக் கொண்டே இருந்தாலும் சரி, காயமே தெரியாவிட்டாலும் சரி. உடனே மருந்து போட வேண்டும். பிறகுதான் ஸ்கேன். ஸ்கேன் முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப் போடக் கூடாது. 108-க்குப் போன் செய்து, "ஹீமோபிலியா பிள்ளை, தலையில் அடி" என்று சொல்லுங்கள். வீட்டில் உள்ள குப்பிகளையும் எடுத்துக் கொண்டே போங்கள்.

என்ன செய்தால் இந்த ஊர்களுக்கு விடிவு?

டாக்டர்கள் மதிப்பீட்டின்படி நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த வியாதி இருக்கலாம். கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். மற்றவர்கள் "வாதம்" என்றும் "சுளுக்கு" என்றும் நொண்டிக் கொண்டிருக்கிறார்கள். ஆகவே முதல் வேலை, கண்டுபிடிப்பது. தவழும் வயதில் உடம்பெல்லாம் நீலத் திட்டு விழுகிறதா? விழுந்த பல்லில் ரத்தம் நாள் கணக்கில் நிற்கவில்லையா? அடி இல்லாமலே மூட்டு வீங்குகிறதா? ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, மருந்தை மக்களுக்கு அருகில் கொண்டு வருவது. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும், ராத்திரியிலும், 8-க்கும் 9-க்கும் சில குப்பிகள் இருக்க வேண்டும். போடத் தெரிந்த நர்சு ஒருவர் இருக்க வேண்டும். இது பெரிய செலவு அல்ல. ஒரு பையன் முடமான பிறகு மூட்டு மாற்றும் செலவை விடக் குறைவுதான்.

மூன்றாவது, கற்றுக் கொண்ட குடும்பத்துக்கு வீட்டில் வைத்துக் கொள்ள இரண்டொரு குப்பியைக் கொடுத்தனுப்புவது. "வீணாக்கிவிடுவார்கள்" என்று தயங்க வேண்டியதில்லை. தன் பிள்ளை ராத்திரி முழுவதும் அழுததைப் பார்த்த தாய், அந்தக் குப்பியைத் தங்கம் போல் காப்பாள். நோட்டுப் புத்தகத்தையும் காலிக் குப்பிகளையும் திருப்பிக் கொண்டு வந்தால் அடுத்தது கொடுக்கலாம்.

நான்காவது, பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு அட்டை. பெயர், வியாதியின் வகை, மருந்தின் எண், அளவு, ஆஸ்பத்திரியின் போன் நம்பர். ஆரம்பாக்கத்தில் அந்த அட்டை தமிழோடு தெலுங்கிலும் இருக்கட்டும். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பமானால் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். பள்ளிக்கூட வாத்தியாரிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள்.

நாளைக் காலையில்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடிபடும் வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையில் கும்மிடிப்பூண்டி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கள்: "இந்த மருந்து இங்கே இருக்கிறதா? ராத்திரியிலும் போடுவார்களா? இல்லாவிட்டால் பக்கத்தில் எங்கே கிடைக்கும்? வீட்டில் போடக் கற்றுத் தருவார்களா?"

நாலு கேள்விகள். பதிலை எழுதி, சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

ராத்திரி பதினொரு மணிக்குப் பையனின் முழங்கால் வீங்கும்போது, அம்மா யோசித்துக் கொண்டு நிற்க வேண்டியிருக்காது.